முதல் செமஸ்டரில் பாரிஸ் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் அட்மிஷன் வந்த சந்தோஷத்தில் ராத்திரி தூங்காமல் போட்டிருப்பாய் போல. அக்டோபரில் போய் இறங்குகிறாய். டிசம்பர் முடிவதற்குள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், பார்சிலோனா, சூரிக், லண்டன். படிப்புக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அக்காவிடம் நான் காட்டவில்லை, பயப்படாதே.

லண்டனை முதலில் அடித்துவிடு. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் பிரிட்டன் கிடையாது, அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும். மற்ற ஐந்து ஊர்களுக்கும் உன் ஜெர்மன் மாணவர் விசாவே போதும்; 180 நாளில் 90 நாள் வரை பக்கத்து ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். ஆனால் அந்த விசாவுக்கு ஒரு கெடு உண்டு. அது முடிவதற்குள் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. விசா முடிந்து, தங்கும் அனுமதி அட்டையும் வராத அந்த இடைவெளியில் எல்லை தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளாதே.

பணம். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் மட்டுமே எடுக்க விடும் கணக்கில், மச்சான் கட்டியிருக்கும் 11,904 யூரோவைப் போனவுடன் எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் மாணவர் இன்ஷூரன்ஸுக்கே ஏறத்தாழ 150 போய்விடும். அறை வாடகை, சாப்பாடு, போன் போக மிச்சத்தில் பாரிஸ் போகலாம், அங்கே சாப்பிட முடியாது. பார்ட் டைம் வேலை பார்க்கலாம் என்கிறாய். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி இருப்பது உண்மைதான். ஜெர்மன் பேச வராமல் முதல் மாதங்களிலேயே வேலை கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதே.

ஆனால் எனக்குப் பெரிய கவலை பணம் இல்லை, தேர்வு. இங்கே அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கேன்டீனில் உட்கார்ந்துவிடுவீர்கள். அங்கே பெரும்பாலான படிப்புகளில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பே போச்சு. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது. பல பாடங்களில் இன்டர்னல் மார்க் என்று கை கொடுக்க எதுவும் இல்லை, கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண். அந்தத் தேர்வுக்கும் நீயே ஆன்லைனில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கெடு தவறினால் எழுத விடமாட்டார்கள், எந்த ஹெச்.ஓ.டி.யிடமும் போய்க் கெஞ்ச முடியாது. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 முதல் தரம், 4.0 பாஸ் எல்லை, 5.0 பெயில். நீ 1.3 வாங்கினேன் என்று சொன்னால் ஆச்சி ஒரு வாரம் அழும், முன்கூட்டியே சொல்லி வை. வகுப்புகள் பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்து, தேர்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும். ஓடுகிற பாடத்தை எட்டிப் பிடிக்க உனக்குக் கிடைக்கும் ஒரே மூச்சு அந்த டிசம்பர் விடுமுறைதான்.

அப்படியானால் எங்கேயும் போகக்கூடாதா? போ, வாராவாரம் போ. டியூஷன் ஃபீஸ் இல்லாத அந்த ஊரில் நீ கட்டும் செமஸ்டர் கட்டணத்திலேயே ரயில் டிக்கெட்டும் அடக்கம். ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் மாதிரி உள்ளூர் ரயில்களில் அதை வைத்து ஏறலாம், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் ஏறினால் அபராதம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும், ஊரில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்? கொலோனில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பேராலயம். 1248இல் அடிக்கல் போட்டு 1880இல் கட்டி முடித்தார்கள். நம் பாலங்களைப் பற்றி இனிமேல் குறை சொல்லாதே. மூன்ஸ்டரில் லாம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார். 1536இல் கொல்லப்பட்ட மூன்று கலகக்காரர்களின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. எஸ்ஸனில் சோல்வரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் நீ குடியிருக்கப்போகும் ரூர் பகுதி எப்படிப் பிழைத்தது என்று தெரியும். ஈபிள் டவரை எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

ஒரு ஞாயிறை ஹம் நகருக்கு ஒதுக்கு. ஊரோரத் தொழிற்பேட்டைக்கு நடுவே காமாட்சி அம்மன் கோயில், நம் ஊர் மாதிரியே கோபுரத்தோடு. போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்கு நடத்திய கோயில். கோடையில் தேர் ஓடும். தீர்த்தம் ஆற்றில் அல்ல, கப்பல் போகும் கால்வாயில்தான். அங்கே வரும் பெரியவர்களிடம் பேச்சுக்கொடு. பிளாக்டு அக்கவுண்டும் அட்மிஷன் லெட்டரும் இல்லாமல் அந்த நாட்டில் வந்து இறங்கியவர்கள் அவர்கள்.

ஒரு எச்சரிக்கை: சனிக்கிழமை டோர்ட்முண்ட் கால்பந்து அணிக்கு உள்ளூரில் மேட்ச் இருந்தால் ரயில் பக்கமே போகாதே. அந்த மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கொள்ளும், பாதிப் பேர் உன் பெட்டியில்தான் இருப்பார்கள்.

பார்சிலோனாவை மட்டும் அழிக்க வேண்டாம், மார்ச்சுக்குத் தள்ளி வை. அடுத்த செமஸ்டர் வகுப்பு ஏப்ரலில்தான் தொடங்கும், குளிரும் கொஞ்சம் குறைந்திருக்கும். தேர்வு அட்டவணை கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடு. போக வர விமானக் கட்டணம் நான் தருகிறேன். சூரிக்கை நீ வேலைக்குப் போன பிறகு உன் காசில் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா