விளையாட்டு பேட்ஜ் யாருக்கு? சாரண ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சாரண, சாரணிய ஆசிரியர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே,

வணக்கம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாரணர் படை நடத்தும் உங்களோடு நெடுநாளாகப் பழகி வருபவன் நான். பேட்ஜ் தேர்வுக்குத் தேர்வாளராகவும் வந்து போகிறவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். தடகளம், நீச்சல், சைக்கிள் என்று விளையாட்டை ஒட்டிய பேட்ஜ்களைப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிற விதம் மாற வேண்டும்.

நான் பார்த்த பல இடங்களில் அது இரண்டு வழிகளில் நடக்கிறது. குறுவட்டப் போட்டியில் பரிசு வாங்கிய பையனின் சான்றிதழை நகல் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுகிறோம். அல்லது சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வு நெருங்கும்போது, எண்ணிக்கைக்குக் குறைகிற பேட்ஜை ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடுகிறோம். முதல் வழியில், ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவன் சட்டையில் இன்னொரு பேட்ஜ் ஏறுகிறது. இரண்டாவது வழியில், மைதானத்துப் பக்கமே வராதவனுக்கும் அது கிடைத்துவிடுகிறது. இரண்டிலும் புதிதாக ஒரு பிள்ளைகூட விளையாடத் தொடங்குவதில்லை. எனக்கு வருத்தம் அதுதான்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908இல் எழுதிய கையேட்டிலேயே இந்தக் கவலை இருக்கிறது. கால்பந்து மைதானத்தைச் சுற்றி நின்று, சிகரெட் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பார்த்து அவர் மனம் நொந்தார். ஆட்டம் நல்லது, ஆனால் ஆட வேண்டிய வயதில் பிள்ளைகள் பார்வையாளராக நின்றுவிடுவது கெடுதல் என்பது அவர் கட்சி. பிறகு சாரண ஆசிரியர்களுக்கு எழுதும்போது, பேட்ஜுக்கான அளவுகோல் எது என்பதையும் தெளிவாகச் சொன்னார்: பிள்ளை எட்டிய தரத்தைவிட, அதற்காக அவன் போட்ட முயற்சியைப் பாருங்கள் என்றார். நூறு வருடம் கழித்தும் நாம் மெடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, முயற்சியை எப்படி அளப்பது? ஒவ்வொரு பிள்ளையையும் அவனுடைய பழைய கணக்கோடு ஒப்பிட்டால் போதும். மத்திய அரசின் கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையில் 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் குனிந்து எட்டுவது, வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் என்று எளிய அளவுகள் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது புதிது இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருமுறை அளந்து, பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கால் பரீட்சை வரைக்கும் மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கட்டும். செல்போனில் நேரம் பார்த்துச் சொல்வது அணித்தலைவர் வேலை. 600 மீட்டரைப் பாதி நடந்து பாதி ஓடி முடித்த ஒரு பெண், செப்டம்பரில் நிற்காமல் ஓடி முடித்தால் பேட்ஜ் அவளுக்கு உரியது. வகுப்பிலேயே கடைசியாக வந்திருந்தாலும் உரியது. முதல் நாளே முதலாவதாக வந்து, மூன்று மாதமும் பயிற்சிக்கு வராதவனுக்கு அந்த நோட்டில் காட்ட ஒன்றும் இருக்காது.

தனியாகச் செய்யும் ஒரு விளையாட்டோடு, சேர்ந்து ஆடும் ஒன்றும் வேண்டும். என்னைக் கேட்டால் கோகோதான் சொல்வேன். இரண்டு கம்பம் நட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டால் ஆட்டம் தயார். பந்து, வலை, மட்டை எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் நான் கோகோவைச் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் என்று முகம் மாற்றி உட்கார, ஒருவர் துரத்துவார். கம்பத்தை எட்டும் வரை, எடுத்த திசையிலிருந்து அவர் திரும்பக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகவும் கூடாது. அதனால் எவ்வளவு வேகமான பையனும் தனியாக யாரையும் பிடிக்க முடியாது. சரியான இடத்தில், உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து தட்டி 'கோ' சொல்லி, துரத்தும் வேலையை அவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். உட்கார்ந்திருப்பவரும் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளை, எந்த நொடியில் எழ வேண்டும் என்று படித்துவைத்திருந்தால், அணிக்கு அவன் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடும். கபடி, வாலிபால் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தயங்கித் தயங்கி நிற்கும் பிள்ளையை இவ்வளவு சீக்கிரம் உள்ளே இழுக்கும் ஆட்டம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆடத் தெரிந்த பிறகு விசிலைக் கையில் கொடுங்கள். நடுவராக நிற்பதையும், குருளையருக்கு, அதாவது சாரணர் இயக்கத்தில் இருக்கும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதையும் தேர்வின் பகுதியாக வையுங்கள். சொந்த அணிக்காரன் தவறு செய்தபோது விசில் ஊதிய பிள்ளையிடம் விளையாட்டு உணர்வு என்றால் என்ன என்று வாய்மொழியாகக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

முதலுதவியை ஏட்டில் விட்டுவிடாமல் மைதானத்திலேயே சொல்லிக் கொடுங்கள். கால் பிசகினால் எண்ணெய் போட்டு வழித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அது பெரிய கேட்டில் முடியும். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கிறார்கள். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆட்டத்துக்குள் வரக் கூடாது. வாந்தியோ மயக்கமோ இருந்தால் உடனே மருத்துவரிடம். அப்புறம், நம் வெயில். ஜூன் மாதத்தில் காலை பதினொரு மணிக்குப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். காலை எட்டுக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல். ஒரு குடம் தண்ணீரும், முடிந்தால் உப்புப் போட்ட நீர்மோரும் மைதானத்து ஓரத்தில் இருக்கட்டும்.

சாரணிய ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று. ஏழாம் வகுப்பு வரை ஓடியாடிய பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆசை போய்விடவில்லை. மைதானம் முழுக்கப் பையன்கள், உடுத்தியிருக்கும் உடையில் ஓட முடியவில்லை, மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. வாரத்தில் இரண்டு மாலையாவது மைதானம் அவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டச் சொல்லி, தலைமை ஆசிரியரிடம் நீங்கள் சண்டை போட்டாவது வாங்க வேண்டும். ட்ராக் பேண்ட் போட்டு ஆட அனுமதியும் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு பேட்ஜைப் பற்றிப் பேசலாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளிடம் ஸ்கோர் எழுதும் நோட்டைக் கொடுத்து உட்காரவைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஊக்குவித்துத்தான் அவர் உயரம் தாண்டத் தொடங்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உங்கள் படையில் இருக்கும் பிள்ளை பாராலிம்பிக் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய உடம்புக்கு ஏற்ற ஆட்டத்தையும் அளவையும் அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவனும் நோட்டு போடட்டும், அவனும் வியர்க்கட்டும்.

உடற்கல்வி ஆசிரியர்களே, நீங்கள் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. மண்டலப் போட்டிக்கு அணி தயார் செய்யும் நெருக்கடி உங்களுக்கு இருக்கிறது, பல பள்ளிகளில் ஒரே ஆளாக நிற்கிறீர்கள், போதாததற்கு உங்கள் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வருகிறார்கள். கொடுக்காதீர்கள். அணிக்குத் தேர்வாகாத முப்பது நாற்பது பேருக்குக் கோடு போட்ட ஒரு மைதானமும், வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் கண்ணும் கிடைத்தால், மற்றதைச் சாரண ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

கால் பரீட்சை விடுமுறையில் தேர்வு வைத்துக்கொள்ளலாம். அழைத்தால் நான் வருகிறேன், என்னைப் போன்ற மற்ற தேர்வாளர்களிடமும் பேசுகிறேன். வரும்போது சான்றிதழ் நகல் எதையும் பார்க்க மாட்டேன். மூன்று மாத நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஐந்து குருளையருக்கு ஒரு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, நடுவராக நின்று நடத்திக் காட்ட வேண்டும். அதற்குக் குருளையர் யாராவது வந்தாக வேண்டும், பக்கத்து ஆரம்பப் பள்ளியில் இப்போதே சொல்லிவையுங்கள்.

உங்கள் அன்புள்ள,
ஒரு தேர்வாளர்