ஞாயிறு கொடுமணல் போகிறோம்

நண்பர்களே, ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், சாய்வெயிலில்தான் அங்கே நட்டுக்குத்தாக நிற்கும் குத்துக்கல்லின் சொரசொரப்பும் அதில் படர்ந்த பாசியும் தெளிவாகத் தெரியும்.

அதை வெறும் பாறை என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புக் காலத்து மக்கள் செத்தவர்களுக்காக நட்ட கல் அது. சுற்றிலும் கல்வட்டங்கள், மண்ணுக்கடியில் பலகைக் கற்களால் அடைத்த கல்லறைகள், அந்தப் பலகையில் வட்டமாக ஒரு துளை. ஒரே கல்லறையில் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லால் ஆன 2220 மணிகள் கிடைத்த ஊர் இது! சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் என்ற ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்புறம், முக்கியமான விஷயம். போன தடவை வேறொரு ஊரில் குத்துக்கல் ஒன்றில் யாரோ பெயிண்டால் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தயவுசெய்து கல்மேல் ஏறாதீர்கள், சாக்பீஸ்கூட வைக்காதீர்கள், பானை ஓடு கண்ணில் பட்டால் போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும், விதைத்திருந்தால் வரப்போடு போங்கள்.

தண்ணீர், தொப்பி, முள் குத்தாத செருப்பு கட்டாயம். வருகிறவர்கள் வெள்ளி ராத்திரிக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், வண்டி பேச வேண்டும்.