விற்ற விலையும் சேர்ந்த இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனச் சமகால ஓவியங்களின் ஏல விலை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸெங் ஃபான்ஷியின் ‘கடைசி விருந்து’ 2013இல் ஹாங்காங்கில் 18 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனதை வியந்து எழுதியிருந்தீர்கள். விற்றவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

விற்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கி உலன்ஸ். 2007இல் பெய்ஜிங்கின் 798 பகுதியில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், தம் பெயரிலேயே கலை மையம் திறந்தவர். நான்கே ஆண்டுகளில் தம் சேகரிப்பை ஏலத்துக்கு அனுப்பத் தொடங்கினார். அவர் பொருளை அவர் விற்றார் என்று விட்டுவிடலாம். ஆனால் வேறு முதலீட்டாளர்கள் திரட்டிய ‘எஸ்டெல்லா’ என்ற சீனக் கலைச் சேகரிப்பு 2008இல் ஏலத்துக்கு வந்தபோது, படைப்புகள் பிரியாமல் அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று நம்பிக் கொடுத்த ஓவியர்கள் மனம் நொந்து பேசினார்கள். அந்த வேதனையை எந்த விலைப் பட்டியலிலும் காண முடியாது.

இவர்களுக்கு நேர் எதிரான ஒருவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதே என் ஆதங்கம். சுவிட்சர்லாந்தின் ஊலி ஸிக், லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் கூட்டுத் தொழிலுக்காகச் சீனா சென்றவர். பிறகு அங்கேயே தம் நாட்டுத் தூதரானார். 1989 பிப்ரவரியில் பெய்ஜிங் தேசியக் கலைக்கூடத்தில் புதிய கலைஞர்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அதன் பிறகு அரசுக் கூடங்கள் அவர்களுக்குக் கதவடைத்தன. வீட்டு அறைகளில்தான் படைப்புகளைக் காட்ட முடிந்தது. இக்கலையை முறையாகச் சேகரிக்க அந்நாட்டில் ஒரு நிறுவனமும் முன்வராததைக் கண்ட ஸிக், ஓர் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்தார். தமக்குப் பிடித்ததை மட்டும் வாங்காமல், காலத்தின் சாட்சியாக நிற்கக் கூடியவற்றையும் வாங்கினார். 2012இல் 1,463 படைப்புகளை ஹாங்காங்கின் ‘எம் பிளஸ்’ அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். மேலும் 47 படைப்புகளை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது.

அங்கே ஜாங் ஷியாவ்காங்கின் ‘இரத்த உறவு’ வரிசை ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். ஸ்டுடியோவில் எடுத்த பழைய குடும்பப் படம்போல உணர்ச்சி துடைக்கப்பட்ட சாம்பல் நிற முகங்கள். ஒருவரை ஒருவர் பிணைக்கும் நூலிழைபோன்ற சிவப்புக் கோடு. கலாசாரப் புரட்சியைக் கடந்து வந்த குடும்பங்களின் மௌனம் அந்த முகங்களில் உறைந்திருந்தது. எவர் வீட்டுச் சுவரிலோ இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் அதைக் கண்டிருக்கவே முடியாது.

பொது இடத்துக்குப் போய்விட்டால் எல்லாம் பத்திரம் என்று நான் வாதிடவில்லை. பெய்ஜிங்கின் தியானன்மென்னை நோக்கி, சீன அரசை விமர்சிக்கும் கலைஞர் ஐ வெய்வெய் நடுவிரலை நீட்டும் புகைப்படமும் ஸிக் தந்த கொடையில் உண்டு. 2020இல் ஹாங்காங்கில், அரசு எதிர்ப்பை ஒடுக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021 நவம்பரில் அருங்காட்சியகம் திறந்தபோது அந்தப் படம் சுவரில் இல்லை. இது என்னை வருத்துகிறது. ஆனாலும் அது ஓர் ஊரின் பொதுச் சொத்தாக இருப்பதால்தான் ‘ஏன் காட்டவில்லை’ என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தனியார் பெட்டகத்தில் கிடக்கும் ஓவியத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

இனி ஏலச் செய்தி வெளியிடும்போது, அந்தப் படைப்பு யாரிடமிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

— வாசகர் ஒருவர்,
சிங்கப்பூர்