ஒரு சின்ன ஊரின் ஒன்பது கோப்பைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கங்களில் அயர்லாந்து என்றாலே கிரிக்கெட்தான். கில்கென்னியில் குடியிருக்கும் வாசகியாக ஒன்று கேட்கிறேன். இங்குள்ள ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றியும், அதில் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற கிராமத்துக் கிளப் படைத்திருக்கும் சாதனை பற்றியும் எழுதுங்கள்.

ஹர்லிங் பார்க்காதவர்களுக்கு: ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. அதன்மேல் பந்தை ஏந்திக்கொண்டே முழு வேகத்தில் ஓடுவார்கள். உயரத்தில் வரும் பந்தை வெறுங்கையால் எட்டிப் பறிப்பார்கள். எதிராளியின் மட்டையும் அதே நொடியில் அங்கே வந்து விழும். பார்க்கவே பதறும்.

பாலிஹேல் கிளப் தொடங்கியது 1972-ல். 1981-ல் முதல்முறையாக அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வென்றபோது, அணியில் ஃபென்னலி குடும்பத்து அண்ணன் தம்பிகள் மட்டும் ஏழு பேர்! 2023 வரை ஒன்பது முறை வென்றுவிட்டார்கள். அடுத்து நிற்கும் பிர், போர்ட்டும்னா கிளப்புகளிடம் இருப்பது தலா நான்கு.

எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த எண்ணிக்கை அல்ல. ஒரு தேவாலயப் பங்குக்குள் அடங்கும் சில ஊர்களின் பிள்ளைகள்தான் மொத்த அணியும். ஏலம் கிடையாது, சம்பளம் கிடையாது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. கில்கென்னி மாவட்ட அணிக்காகப் பத்து அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்ற ஹென்றி ஷெஃப்லின் இந்தக் கிளப்பில் வளர்ந்தவர். ஆடி ஓய்ந்த பிறகும் ஊரை விட்டுவிடவில்லை. பயிற்சியாளராக நின்று 2019, 2020 என அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வாங்கித் தந்தார்.

2022 இறுதி ஆட்டத்தை மறக்கவே முடியாது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றிருந்த கடைசி நொடியில் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர் அணி ஒரு கோல் போட்டுப் பறித்துக்கொண்டது. அப்படி ஓர் அடி வாங்கினால் எந்த அணியும் ஓரிரு வருடம் தளர்ந்து போகும். இவர்கள் அடுத்த ஜனவரியிலேயே டப்ளின் குரோக் பார்க் மைதானத்துக்குத் திரும்பி வந்து, டன்லாய் அணியை வென்று கோப்பையோடு ஊருக்குப் போனார்கள்.

அடுத்த ஜனவரியில் கிளப் இறுதி ஆட்டம் நடக்கும்போது, கிரிக்கெட் செய்திகளுக்குப் பக்கத்தில் இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கில்கென்னி, அயர்லாந்து