வாங்கி மூடப்படும் கேம் ஸ்டுடியோக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோ விலைபோகும்போது எத்தனை கோடி டாலர் கைமாறியது என்பது செய்தியாகிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. 2021இல் பல கேம் ஸ்டுடியோக்களை வைத்திருந்த ஜெனிமேக்ஸ் நிறுவனத்தைச் சுமார் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, டோக்கியோவிலுள்ள டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவும் அதோடு சேர்ந்து சென்றது. 2023 ஜனவரியில் வெளிவந்த டேங்கோவின் ‘ஹை-ஃபை ரஷ்’ விளையாட்டில் நாயகன் நடக்கும் நடை, கொடுக்கும் அடி, பின்னணியில் ஓடும் இயந்திரம் எல்லாமே பாட்டின் தாளம் பிசகாமல் அசையும். அந்த அனிமேஷனுக்கு 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. மே மாதமே ஸ்டுடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. விருது வாங்கிக் கொடுத்தவர்களுக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் எதை நம்பி உழைப்பது?

புதுச்சேரி மக்களுக்கு ஆலை மூடலின் வலியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்லுக்கு நிலமும் கட்டடமுமாவது உண்டு. கேம் ஸ்டுடியோவிலோ சேர்ந்து உழைத்துப் பழகிய அணியும் அது படைத்த விளையாட்டும்தான் சொத்து. மூடியதும் அணி சிதறுகிறது, விளையாட்டின் உரிமை வாங்கியவரிடமே தங்கிவிடுகிறது. 1998இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வாங்கிய வெஸ்ட்வுட் ஸ்டுடியோ 2003இல் மூடப்பட்டது. அதன் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ பெயரிலோ அதன் பிறகும் விளையாட்டுகள் விற்கப்பட்டன.

டேங்கோ அணியையும் ‘ஹை-ஃபை ரஷ்’ உரிமையையும் 2024 ஆகஸ்டில் கிராஃப்டன் ஏற்றுக்கொண்டது ஆறுதல்தான். நம் பிள்ளைகள் விளையாடும் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நடத்துவதும் இதே தென்கொரிய நிறுவனமே. ஆயினும் 2021இல் தான் வாங்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் ஸ்டுடியோவின் தலைமையிலிருந்த மூவரை 2025 ஜூலையில் அது நீக்கியது. ஸ்டுடியோவை வாங்கிய ஒப்பந்தப்படி, இலக்கை எட்டினால் விற்றவர்களுக்குத் தரவேண்டிய 25 கோடி டாலர் வரையிலான கூடுதல் தொகை குறித்து வழக்கும் தொடரப்பட்டது. ஆகவே முதலாளியின் நல்ல மனத்தை நம்பியிருப்பதில் பயனில்லை. வாங்கிய ஸ்டுடியோவை மூட நேர்ந்தால், அதன் பெயரையும் படைப்புகளையும் நியாயமான விலைக்குத் திரும்பப் பெறும் முதல் வாய்ப்பு அங்கு உழைத்தவர்களுக்கே உண்டு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இது எங்கோ நடக்கும் கதையுமல்ல. பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் ஸ்டுடியோ, சுவீடனின் ஸ்டார்பிரீஸிடமிருந்து 2019இல் ராக்ஸ்டார் என்ற அமெரிக்க கேம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அனிமேஷனும் கேம் டிசைனும் படித்துவிட்டு நம் பகுதிப் பிள்ளைகள் வேலை தேடிச் செல்வது இத்தகைய நிறுவனங்களுக்குத்தான். எனவே ஒரு ஸ்டுடியோ விற்கப்பட்ட செய்தியை வெளியிடும் தங்கள் நாளிதழ், ஓரிரு ஆண்டு கழித்து அங்கே எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள் என்பதையும் விசாரித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.