தரங்கம்பாடிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் நானும் என் மகளும் தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் காலை, டென்மார்க் நாட்டு டேனியர் கட்டிய கோட்டைக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. "இருபது நிமிஷம்தான், எல்லாரும் சேர்ந்தே போகணும்" என்று ஒரு சார் குரல் கொடுக்க, பிள்ளைகள் கோட்டைக்குள் ஓடினார்கள். மேலே ஏறினார்கள், கடலைப் பார்த்துக் கத்தினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், இறங்கி வந்தார்கள். அடுத்து நாகூர், வேளாங்கண்ணி. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் ஒரு பெண் மட்டும் படிக்கட்டில் நின்று, "சார், டேனிஷ்காரங்கன்னா டச்சுக்காரங்களா?" என்று கேட்டாள். "வேற வேற. பஸ்ல சொல்றேன், ஏறும்மா" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அத்தனை பிள்ளைகளையும் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, கழிப்பறை தேடி, சாப்பாட்டு நேரம் பார்த்து, இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இந்த ஊருக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதற்காகப் பட்டியலிலிருந்து ஓர் ஊரை எடுத்தாலும் பரவாயில்லை.

பஸ்ஸைக் கோட்டை வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். 1792 என்று ஆண்டு பொறித்த நகர வாசல் இருக்கிறதே, அங்கேயே எல்லோரையும் இறக்கிவிடுங்கள். வெள்ளையடித்த அந்த வளைவுக்குள் நடந்து நுழையும்போதுதான் இது ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த ஊர் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். அங்கிருந்து கடல் வரை ஒரே நேர்த்தெரு. பத்து நிமிட நடைதான். வழியில் 1701 இல் எழுப்பிய சீயோன் தேவாலயமும், 1718 இல் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயமும் வரும். இரண்டாவதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இருக்கிறது. உள்ளே கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது.

சீகன்பால்குவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் சொன்னால்தான் அந்தக் கதைக்கு அழகு. 1706 ஜூலை 9 அன்று புளூச்சோ என்ற தோழரோடு இந்தக் கரையில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர் அவர். வயது ஏறக்குறைய 24. ஒரு சொல் தமிழ் தெரியாது. இந்த ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய வயதான வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். பிறகு அந்தச் சின்னப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுதித் தமிழ் படித்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் அ, ஆ எழுதிப் பழகியதும் மணலில்தான்.

என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மணலில் குனிந்து "ழ" எழுதினாள். அலை வந்து அழித்தது. மறுபடி எழுதினாள். நான்கைந்து முறை இப்படியே நடந்தது. உங்கள் பிள்ளைகளையும் எழுதவிடுங்கள். ஒரு வகுப்பே வரிசையாக உட்கார்ந்து கடற்கரையில் எழுதினால் எப்படி இருக்கும்!

இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்கு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைத்தார். 1707 இல் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். அப்புறம் டேனிஷ் ஆளுநருக்கும் அவருக்கும் ஆகாமல் போய், நான்கு மாதம் அதே கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். பிள்ளைகள் ஓடி ஏறி இறங்கும் கோட்டைதான் அது.

பிறகு அச்சுக்கூடம். இங்கே ஒரு திருத்தம். தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடியில்தான் என்று ஊருக்கு வருகிறவர்கள் பலர் சொல்லக் கேட்டேன். அப்படியில்லை. 1578 லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. அச்சுப்பொறி லண்டனிலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் கப்பலில் வந்தன. வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. கைவசம் இருந்த காகிதம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715 இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இன்று செல்போனில் தமிழ் தட்டுகிற பிள்ளைக்கு, ஒரு காலத்தில் இதே எழுத்துக்காக ஈயத்தை உருக்கினார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர் எழுப்பிய கோட்டை அது. 1845 இல் இந்த ஊரையும், வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஓர் ஊரை விற்க முடியுமா என்று என் மகள் கேட்டாள். அங்கே குடியிருந்தவர்களை யாராவது கேட்டார்களா என்றும் கேட்டாள். வரலாற்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். துறைமுகம் என்கிறீர்களே, கப்பல் நிற்கும் இடம் எங்கே என்று. அப்படி ஓர் இடம் இங்கே கிடையாது. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் தூரத்தில் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் சலங்கு என்ற படகில் ஏற்றி, உடைந்து விழும் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் நம் மீனவர்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. எந்த நாட்டு ஆளுநராக இருந்தாலும் அவர்களை நம்பித்தான் கரை ஏற முடிந்தது. அந்த வழியில் வந்தவர்கள் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கண்ணியின் அளவை விரலை நுழைத்துக் காட்டி, எந்த வலையில் எந்த மீன் விழும் என்று விளக்கினார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் இது. அதனால் அவர்கள் வாழும் இடத்தை வேடிக்கை பார்க்கும் இடம்போல நடத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிவாருங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்தால் அவர்கள் அன்போடு பேசுகிறார்கள்.

கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். கோட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், ஆனால் அன்றைக்கு வந்த பஸ் பிள்ளைகளில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 இல் எழுந்த கோயில். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கடல் வணிகம் நடந்த ஊர் என்பதற்கு அதுவே சாட்சி. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. ஆக, தரங்கம் என்றால் அலை, அதனால் அலைகள் பாடுகிற ஊர் என்று எல்லோரும் சொல்வது பின்னால் வந்த விளக்கம். பாடி என்றாலே ஊர்தானே. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கரையில் கருங்கற்களைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். என் மகள் அந்தக் கல் ஒன்றின் மேல் நின்று, "இன்னும் எவ்வளவு தூரம் கடலுக்குள்ள ஊர் இருந்திருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. புவியியல் ஆசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் மணல் அரிப்பைப் பற்றி அங்கேயே ஒரு பாடம் நடத்தியிருப்பார்.

ஒரு வேண்டுகோள் பாக்கி இருக்கிறது. அன்று படிக்கட்டில் நின்று கேட்ட பெண் எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறியதும் பாட்டுப் போட்டுவிட்டார்கள், அவளுக்குப் பதில் கிடைத்ததோ என்னவோ. அவள் உங்கள் வகுப்பில் இருந்தால், நாளைக்கு உலகப்படத்தை விரித்து டென்மார்க்கையும் நெதர்லாந்தையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டுங்கள். அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றித் தரங்கம்பாடி வரைக்கும் அவளையே விரலால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தரங்கம்பாடிக்கு வந்துபோன ஒரு பயணி