ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கு

அன்பு மகன் செல்வத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. பொங்கலுக்குத் தாராவி வரும்போது ஆச்சியையும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் படமெடுக்கப் போவதாகச் சொன்னாயே, ரொம்பச் சந்தோஷம். ஸ்டூடியோவில் இத்தனை வருஷம் முகங்களையே பார்த்தவள் என்பதால் சிலது சொல்கிறேன்.

முதலில் ஃபிளாஷைக் கேமரா தலையிலிருந்து கழற்று. நேருக்கு நேர் அடிக்கிற வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கிற ரேடியோ ட்ரிக்கரை மாட்டி, ஃபிளாஷை ஸ்டாண்டில் ஏற்றி, ஆச்சிக்குப் பக்கவாட்டில் 45 டிகிரி வாக்கில், கண்ணுக்குச் சற்று மேலே வை. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைக் குடை. குடை படத்துக்குள் தெரியாத வரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வா. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். குடையிலிருந்து முகம் மூன்றடி, சுவர் ஆறடி என்றால், பின்னாலிருக்கும் பாத்திர அலமாரியும் காலண்டரும் தானாக மங்கிவிடும். நம் வீடு போன்ற சின்ன அறைக்கு இது பெரிய உதவி.

சுவரில் அடித்து வெளிச்சத்தைத் திருப்பலாம் என்று நினைக்காதே. நம் சுவர் பச்சை, முகமும் பச்சையடிக்கும்.

ஷட்டர் வேகம் 1/200 விநாடிக்குள் இருக்கட்டும். அதைவிட வேகமாக வைத்தால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டரால் அறை வெளிச்சம்தான் கூடும் குறையும். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) ஃபிளாஷ் பவரையும் பார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றி. "கொஞ்சம் வெளுப்பாத் தெரியணும்க்கா" என்று கேட்காத ஆள் ஸ்டூடியோவுக்கு வந்ததே அபூர்வம். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். ஆச்சி நல்ல கறுப்பு. அது அப்படியே படத்தில் விழ வேண்டும். பவரை ஏற்றி வெளுக்க வைத்தால் அது ஆச்சியே இல்லை. ஆட்டோவில் விட்டாலும் கேமரா அந்த நிறத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், மேனுவலில் எடு. கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது மினுக்கம்தான். நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு வழியே வெளிச்சம் வழுக்கி ஓட வேண்டும். பெரிய குடை பக்கத்தில் இருந்தால் அது பரவலாக, மெத்தென்று விழும். வெறும் ஃபிளாஷ் என்றால் எண்ணெய்ச் சொட்டு மாதிரி வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மறுபக்க நிழல் ரொம்ப அடர்ந்தால் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல். நானே பிடிக்கிறேன். நிழலை முழுக்க அழித்துவிடாதே, ஆச்சியின் சுருக்கங்கள் தெரிய வேண்டும்.

எதிர்வீட்டு மாமா கண்ணாடி போடுகிறவர். கண்ணாடியில் குடை தெரிந்தால் ஸ்டாண்டை இன்னும் உயர்த்து, முகத்தைச் சற்றுத் தாழ்த்தச் சொல். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதே. அது இல்லாமல் அவர் முகம் யாருக்கும் பழக்கமில்லை.

இரண்டாவது ஃபிளாஷ் இப்போதைக்கு வாங்க வேண்டாம், ஒன்றே போதும். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி இரண்டு செட் கொண்டு வா. குடை இங்கேயே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா